தை மாதத்தில் பார்த்த வீடு

எங்கள் பக்கத்தில் வீடு வாங்குகிறவர்கள் தை மாதத்தில் வீடு பார்க்கக் கூடாது. நேரமில்லாதவர்கள் இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். மீதியெல்லாம் அது ஏன் என்பதுதான்.

நான் வேலை பார்த்த வீட்டுக் கடன் சங்கத்தில் இப்போது இருக்கும் இன்ஜினியர் போன மாதம் வந்தார். மண் பார்க்க இப்போது மிஷின் வந்துவிட்டது. துளை போட்டு, டியூபில் மண் எடுத்து, திருச்சிக்கு அனுப்புகிறார்கள். நல்லதுதான். என் முதுகு கேட்டால் சந்தோஷப்படும். சங்கத்துக்கு ஆண்டு மலர் போடுகிறார்களாம். "நீங்க பேசுற மாதிரியே எழுதிக் குடுங்கய்யா" என்றார். "நான் பேச மாட்டேனே" என்றேன். "அப்ப எழுதத்தானே வேணும்" என்றார். சரி, எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. பிழை இருந்தால் அவரே திருத்திக்கொள்வார்.

என் வேலைக்குப் பெயர் கலாசி. டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது, சாமான் சுமப்பது, குழி வெட்டுவது. பெரும்பாலும் குழி வெட்டுவது. அப்போது பெரம்பலூர், அரியலூர் எல்லாம் திருச்சி ஜில்லா. வீடு வாங்கவோ கட்டவோ கடன் கேட்டு ஒருவர் எழுதிப் போட்டால், ஓவர்சியர் நேரில் போய் இடத்தைப் பார்த்து எழுத வேண்டும். அவர் எழுதினால்தான் கடன். நான் கூடப் போவேன். ஆளுக்கொரு சைக்கிள். கடப்பாரையும் மண்வெட்டியும் என் சைக்கிளில்.

ஓவர்சியர் பெயர் தெய்வநாயகம். கும்பகோணம் பக்கத்துக்காரர். ஒல்லி. குரல் உயர்த்த மாட்டார். சைக்கிளை எங்கே நிறுத்தினாலும் முதலில் ஸ்டாண்டு மண்ணில் இறங்குகிறதா என்று பார்ப்பார்.

முதல் நாள் குரும்பலூரில் ஒரு மனை. மார்பு ஆழத்துக்குக் குழி வெட்டச் சொன்னார். நான் கழனி வேலை செய்த குடும்பம். மண்வெட்டி எனக்குப் புதிதில்லை. சீக்கிரம் வெட்டிவிட்டு மேலே ஏறினேன்.

"எறங்கு" என்றார்.

"வெட்டியாச்சுங்களே சார்."

"வெட்டத் தெரியும்னு தெரியுது. உள்ள உக்காந்து பாரு."

அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து சாப்பிட்டு முடிக்கும் வரை நான் குழிக்குள் உட்கார்ந்திருந்தேன். கை கழுவிவிட்டு வந்து, "என்ன பாத்த?" என்றார்.

"மண்ணுங்க."

"எத்தனை மண்ணு?"

மறுபடி பார்த்தேன். மேலே சாம்பல் கலந்த மண், அதற்குக் கீழே கறுப்பு, அதற்குக் கீழே மஞ்சளாகச் சரளை. மூன்று என்றேன். தலையை ஆட்டினார். அவ்வளவுதான் நான் படித்த படிப்பு. அதற்குப் பிறகு அதையே திரும்பத் திரும்பச் செய்தோம்.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன். குழி வெட்டியதும் உள்ளே ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வார். எவ்வளவு நேரத்தில் குடிக்கிறது என்று பார்ப்பார். சரளையானால் உடனே குடித்துவிடும். கரிசலானால் தண்ணீர் நின்றபடி உங்கள் முகத்தைப் பார்க்கும். பிறகு கீழ்மண்ணை ஒரு பிடி எடுத்து, ஈரமாக்கி, உருண்டை பிடித்து வெயிலில் வைப்பார். காய்ந்ததும் உருண்டை வெடித்தால் வீடும் வெடிக்கும்.

அடுத்து, பக்கத்து வீட்டில் போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்பார். எந்த ஊரானாலும், எந்தத் தெருவானாலும், எங்கள் தெருவானாலும் கேட்பார், வாங்கிக் குடிப்பார். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. குடித்துக்கொண்டே அந்த வீட்டுச் சுவரைப் பார்ப்பார். கிணற்றில் தண்ணீர் எந்த மட்டம், மழையில் எதுவரை ஏறும், கயிறு எவ்வளவு என்று பேச்சுவாக்கில் கேட்பார். ஆடு மேய்க்கிற ஆள் யாராவது தென்பட்டால் நிறுத்துவார். "பெருமழை பேஞ்சா ஆட்ட எங்க ஓட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்பார். ஆடு போய் நிற்கிற இடத்தை நோட்டில் குறித்துக்கொள்வார்.

சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பக்கமாக இருந்தால் கடப்பாரையைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் குத்தச் சொல்லிக் காது கொடுப்பார். அடியில் பொந்து இருந்தால் சத்தம் வேறு.

புரோக்கர்களுக்கு எங்களைக் கண்டால் ஆகாது. "வந்துட்டானுங்கப்பா, கல்யாண வூட்டுல குழி வெட்ட" என்று காதில் விழும்படியே சொல்வார்கள். ஓவர்சியர் திரும்பிப் பார்க்க மாட்டார். ஒருமுறை மட்டும் சொன்னார்: "நாம வெட்டுற குழி நல்ல குழி காத்தமுத்து. ஆள் மேல ஏறி வர்ற குழி."

மீன்சுருட்டிப் பக்கம் ஒரு வீடு நினைவிருக்கிறது. வாங்குகிறவர் ரைஸ்மில்லில் கணக்கு எழுதுகிறவர். விற்கிறவர் வாய்க்கு வாய் சொன்னார்: "தண்ணியா? எங்க தாத்தா காலத்துலேருந்து வந்ததில்லைங்க." சுவர் வெள்ளையாக இருந்தது. தரை சிமெண்டு. குழியில் மண் சரியில்லை என்று சொல்லவும் முடியாது. ஓவர்சியர் கொல்லைக் கதவை மூடிவிட்டு அதன் எதிரில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். எனக்குப் புரியவில்லை. விரலால் காட்டினார். கதவின் கீழ்ப்பலகை மட்டும் வேறு மரம். முழங்கால் உயரத்துக்கு. மேலே பழைய தேக்கு, கீழே புதுசாக வேம்பு.

"இந்தப் பலகைய எப்ப மாத்துனீங்க?"

விற்கிறவர் துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் சம்சாரம் உள்ளேயிருந்து, "கொள்ளிடம் ஒடைச்சுக்கிட்ட வருசம்" என்றார். விற்கிறவர் திரும்பி முறைத்தார். "கேட்டாருல்ல, சொன்னேன்" என்றார் அந்த அம்மா.

கணக்கு எழுதுகிறவர் எங்கள் இருவருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

இனி என் கதை.

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே இருக்கிறது. எங்கள் தெரு ஏரிக் கலிங்குக்குக் கீழே இருந்தது. கலிங்கு என்றால் ஏரி நிரம்பினால் வழிகிற இடம். ஊரை அமைத்தவர்கள் மேட்டை அவர்கள் எடுத்துக்கொண்டு பள்ளத்தை எங்களுக்கு விட்டார்கள். ஐப்பசியில் ஏரி வழிந்தால் முதலில் எங்கள் தெருவுக்குத்தான் வரும். நான் எத்தனையோ பேருக்கு, இங்கே தண்ணீர் வரும், வாங்காதீர்கள் என்று சொல்லக் காரணமாக இருந்தவன். நான் குடியிருந்தது அந்த இடத்தில்.

வேலை நிரந்தரமான வருடம் ஐப்பசியில் மழை ஓயாமல் அடித்தது. ஒருநாள் விடிந்து அடுப்பு மூட்டும் நேரத்தில் தண்ணீர் உள்ளே வந்தது. என் மனைவி அஞ்சலை, மகள் செல்வியைத் தூக்கி உரல் மேல் நிறுத்தினாள். செல்விக்கு மூன்று வயது. பின்பக்கத்து மண்சுவர் ஊறி உட்கார்ந்தது. சத்தம்கூட இல்லை. கட்டியிருந்த ஆடு அடியில் போய்விட்டது. செல்வி படுக்கிற பாய் அந்தச் சுவரோரம்தான் இருந்தது.

தண்ணீர் வடிந்தபிறகு அஞ்சலை சேற்றை வழித்து வெளியே கொட்டினாள். கொட்டி முடித்துவிட்டு, "அடுத்த ஐப்பசிக்கு நான் எம்புள்ளைய வச்சுக்கிட்டு இங்க நிக்க மாட்டேன். எங்கயாச்சும் ஒரு வூடு பாருங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீடு பார்ப்பது எனக்குத் தெரிந்த வேலை. விற்பதற்குத்தான் ஆள் இல்லை. எங்களுக்கு யார் விற்பார்கள்? கேட்ட இடத்திலெல்லாம், "பாக்கலாம்ப்பா" என்றார்கள். பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

தை பிறந்து நாலாம் நாள் ரெங்கசாமி அய்யா ஆள் அனுப்பினார். ரோட்டோரத்தில், ஊருக்கு வெளியே தனியாக நிற்கிற ஓட்டு வீடு அவருடையது. மகன் திருச்சியில் வேலை. இவரும் அங்கே போகிறார். "ஊர்ல நாலு பேரு நாலு சொல்லுவான். எனக்கென்ன, நான் திருச்சியில இருப்பேன். நீ வாங்கிக்க" என்றார்.

அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு போனேன். பொங்கலுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். காவிப் பட்டை போட்டிருந்தார்கள். வாசல் முழுக்கக் கோலம். உள்ளே இரண்டு அறை, கூடம், கொல்லையில் கிணறு. அஞ்சலை சுவரைக் கையால் தடவிப் பார்த்தாள். கையில் ஒட்டிய சுண்ணாம்பைத் துடைக்காமல் வீடு வரை வந்தாள்.

நான் குழி வெட்டவில்லை.

இது புரிய வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். ஊரெல்லாம் வெட்டினேன். பணக்காரர் வாசலில் வெட்டினேன். கோயில் எதிரே வெட்டினேன். எனக்கு விற்கிறேன் என்று ஒருவர் சொன்னபிறகு, அவர் வாசல் கோலத்தில் கடப்பாரையை வைக்க எனக்கு மனம் வரவில்லை. கேட்டால் மனம் மாறிவிடுவாரோ என்று பயம். மண்ணைப் பார்க்கவில்லை, உருண்டை பிடிக்கவில்லை. சங்கத்தில் கடனுக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.

சங்கத்து ஆளே கடன் கேட்டாலும் ஓவர்சியர் பார்த்துத்தான் எழுத வேண்டும். கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் சைக்கிளை எடுத்தார்.

"காத்தமுத்து, கடப்பாரை எங்க?"

"அது... எடுத்துட்டு வரலைங்க சார்."

"குழி வெட்டுனியா?"

"இல்லைங்க."

"ஏன்?"

"கோலம் போட்டு வச்சிருந்தாங்க சார்."

அவர் என்னையே பார்த்தார். "எல்லார் வூட்டுக் கோலத்துலயும்தான் வெட்டுனோம்" என்றார். நான் திரும்பிப் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ரெங்கசாமி அய்யா கோபப்படவில்லை. "வெட்டிக்கங்க, என்ன இப்ப" என்றார். நான் பயந்தது வீண். கொல்லையில் வெட்டினேன். மார்பு ஆழம் போயும் கரிசல். மேலே ஏறவில்லை. இன்னும் வெட்டினேன். தலை மறைகிற ஆழத்திலும் கரிசல். அடி காணவில்லை.

கரிசலைப் பற்றித் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். மழையில் அது ஊறி உப்பும். கோடையில் சுருங்கிப் பிளக்கும். மேலே நிற்கிற சுவரும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். வெடிப்பு கோடையில் வாய் திறக்கும், மழைக்குப் பிறகு மூடிக்கொள்ளும். மார்கழி முடிகிறபோது நன்றாக மூடியிருக்கும். அப்போதுதான் எல்லோரும் பொங்கலுக்குப் பூசி, வெள்ளையடிப்பார்கள். தை பிறந்ததும் நல்ல மாதம் என்று வீடு பார்க்கக் கிளம்புவார்கள். வருடத்திலேயே வீடு மிக நன்றாக இருக்கிற மாதம் அது. யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை. மண்ணும் பண்டிகையும் சேர்ந்து ஏமாற்றிவிடும். ஓவர்சியர் இதை எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் தையில்தான் போய்ப் பார்த்தேன்.

அவர் அறிக்கையில் ஒரே வரி எழுதினார். வைகாசியில் மறுபடி பார்க்கவும்.

அஞ்சலைக்குச் சொன்னேன். மறுநாள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஆபீசுக்கே வந்துவிட்டாள். எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தாள்.

"சார், வைகாசி வரைக்கும் அவுரு வச்சிருப்பாரா? வேற யாருக்காச்சும் குடுத்துட்டா?"

"குடுத்தா குடுக்கட்டும்மா."

"அப்ப எங்க ஐப்பசிக்கு யாரு பதில் சொல்றது?"

"நாந்தான்."

"நீங்க டவுன்ல மேட்டுல இருந்துக்கிட்டு சொல்லுவீங்க. கழுத்தளவு தண்ணியில புள்ளைய ஒரலு மேல நிறுத்திப் பாத்திருக்கீங்களா?"

கழுத்தளவு இல்லை, இடுப்பளவு. நான் திருத்தவில்லை. ஓவர்சியரும் திருத்தவில்லை. எழுந்து நின்று கேட்டார். அவள் போகும் வரை உட்காரவில்லை. அன்றிலிருந்து அஞ்சலை அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "உங்க சாரு வூட்டுல கொழம்பு வைக்கவும் குழி வெட்டித்தான் பாப்பாங்களா?" என்று என்னிடம் கேட்பாள்.

ஓவர்சியர் வைகாசி வரை சும்மா இருக்கவில்லை. ரெங்கசாமி அய்யாவிடம் அனுமதி கேட்டு, சுவரில் மூலைக்கு மூலை காகிதத் துண்டு ஒட்டச் சொன்னார். பழைய நோட்டுக் காகிதம், இரண்டு விரல் அகலம், மைதாப் பசை. சுண்ணாம்பைச் சுரண்டி, அடியில் மயிரிழை மாதிரி கோடு தெரிகிற இடத்தில் குறுக்கே ஒட்டினேன். ஒட்டிய தேதியை அதிலேயே எழுதினேன். மொத்தம் ஏழு. சுவர் நகராவிட்டால் காகிதம் அப்படியே இருக்கும். நகர்ந்தால் கிழியும்.

"செவுத்துக்குச் சீட்டு ஒட்டுறீங்களே, காச்சலா அதுக்கு?" என்று ரெங்கசாமி அய்யா கேட்டார்.

"காச்சல் இருக்கான்னு பாக்கத்தாங்க" என்றேன்.

வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். மாசி முழுக்க ஏழும் முழுசாக இருந்தன. அஞ்சலை கேட்பாள், சொல்வேன். அவள் முகம் தெளியும். எனக்கும் சந்தோஷம்தான். பொய் சொல்ல மாட்டேன், ஓவர்சியர் சொன்னது தப்பாகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பங்குனி பாதியில் கிழக்கு மூலைக் காகிதம் கிழிந்தது. சித்திரையில் இன்னும் மூன்று. வைகாசி பிறந்தபோது கிழக்கு மூலையில் என் சுண்டு விரல் நுழைந்தது.

ஓவர்சியர் வந்தார். தூக்குக்குண்டைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பார்த்தார். சுவர் வெளியே சாய்ந்திருந்தது. ஏணி போட்டு ஏறி, உத்தரம் சுவரில் உட்கார்கிற இடத்தைத் தடவினார். என்னையும் ஏறச் சொன்னார். ஒரு சாண் உட்கார்ந்திருக்க வேண்டிய உத்தரம் மூன்று விரல் அளவுதான் உட்கார்ந்திருந்தது. சுவர் அதை விட்டு விலகி விலகிப் போயிருக்கிறது.

ரெங்கசாமி அய்யா கீழே நின்றபடி சொன்னார். "நாப்பது வருசமா வருசா வருசம் மார்கழியில அடைச்சுப் பூசுவேன். வூடுன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன். ஒளிக்கலப்பா."

"ஒளிக்கலைங்க. தெரியும்" என்றார் ஓவர்சியர். "உங்க கட்டில் எங்க போட்டிருக்கீங்க?"

கட்டில் அந்த உத்தரத்துக்கு நேர் கீழே கிடந்தது. நாங்கள் மூவரும் அதைத் தூக்கிக் கூடத்தில் போட்டோம். ரெங்கசாமி அய்யா அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அஞ்சலை கேட்ட கேள்வி நியாயமானது. "அவுங்க நாப்பது வருசம் இருக்கலியா? நமக்கு மட்டும் விழுந்துருமா? இங்க ஐப்பசியில நிச்சயமா தண்ணி. அங்க விழுந்தாத்தான் விழும்." அன்று இரவு முழுக்க அதை யோசித்தேன். ரெங்கசாமி அய்யா விலையைக் குறைத்துக்கொள்ளவும் தயாராக இருந்தார். காலையில் ஓவர்சியரிடம் அதையே கேட்டேன்.

"தண்ணி வந்தா தெரியும், ஓடலாம். உத்தரம் சொல்லிட்டு வராது. எப்ப விழும்னு எனக்கும் தெரியாது காத்தமுத்து. நாளைக்கா, நாலு வருசமான்னு தெரியாது. நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேற ஆள வச்சு எழுதி வாங்கணும்னா வாங்கிக்க, நான் தடுக்க மாட்டேன்" என்றார்.

வேறு ஆள் இருந்தார். கேட்டால் போட்டிருப்பார். நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஏணியில் ஏறி அந்த மூன்று விரலை நானே தொட்டிருந்தேன்.

வீடு வேண்டாம் என்று சொல்ல ரெங்கசாமி அய்யாவிடம் போனேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர், "வூட்டுக்குப் பின்னாடி ஓடைக்கு அந்தாண்ட எனக்கு ஒரு சுக்காங்கல்லு மேடு கெடக்கு. எள்ளுகூட மொளைக்காது. ஆடு மட்டும் நிக்கும். அது ஆவுமான்னு ஓவர்சியரைக் கேளு" என்றார்.

அன்று சாயங்காலமே ஓவர்சியர் வந்தார். மேடு முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கல். முள்ளும் எருக்கும்தான். குழி வெட்ட ஆரம்பித்தேன். முழங்கால் ஆழத்தில் கடப்பாரை எகிறியது. கை எரிந்தது. வேறு இடத்தில் குத்தினேன். அங்கேயும் எகிறியது. நாலு மூலையிலும் குத்தச் சொன்னார். நாலிலும் அதே கெட்டிச் சத்தம்.

"போதும். கைய ஒடச்சுக்காத" என்றார். நோட்டை எடுத்து எழுதினார். நின்றுகொண்டே எழுதினார்.

"ஒரு கொறை இருக்கு. கெணறு தோண்ட முடியாது. குடிக்கிற தண்ணி கீழேருந்துதான் சுமக்கணும். அதை உன் சம்சாரத்துக்கிட்ட கேட்டுட்டு அப்புறம் கையெழுத்துப் போடு" என்றார்.

அஞ்சலையை மேட்டுக்குக் கூட்டிப் போனேன். செல்வி கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அஞ்சலை உச்சியில் நின்று எங்கள் தெருவைப் பார்த்தாள். அங்கிருந்து கூரைகள் தெரியும், கலிங்கு தெரியும், தெருக் கிணறு சிறிதாகத் தெரியும். எத்தனை நடை, எத்தனை குடம் என்று மனதுக்குள் நடந்து பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"இத்தினி நாளு தண்ணி நம்ம வூட்டுக்கு வந்துச்சு. இனிமே நான் போயி எடுத்தாறேன்" என்றாள்.

மேட்டுக்குப் பத்திரமும் கடன் காகிதமும் முடிய ஆனி ஆகிவிட்டது. ஆடியில் யாரும் வீட்டுக்குக் கல் போட மாட்டார்கள். அஞ்சலையின் அப்பாவும் கூடாது என்றார். ஒரு மாதம் போனால் ஐப்பசி முந்திக்கொள்ளும். "ஆடியில கல்லு போடக் கூடாதுன்னுதானே சொன்னாங்க. குழி வெட்டக் கூடாதுன்னு யாரு சொன்னா?" என்றாள் அஞ்சலை. ஆடி முழுக்க நானும் அவளும் கல்லை உடைத்து, சுவருக்குக் கடைக்கால் குழி வெட்டினோம். என் வாழ்நாளில் வெட்டிய குழிகளில் அதுதான் ஆழம் குறைவு, வேலை அதிகம். வெட்டி எடுத்த கல்லே சுவருக்கு ஆனது. ஆவணி முதல் தேதி கல் போட்டோம். தெருவே வந்து வேலை செய்தது. புரட்டாசி கடைசியில் கீற்று வேய்ந்து குடி போனோம். ஓடு போட முடியவில்லை. ஒரே அறை.

குடி போன அன்று ஓவர்சியரைக் கூப்பிட்டேன். முசிறிப் பக்கம் வேலையாகப் போயிருந்தார். வரவில்லை. அஞ்சலை, "கடன்காரர் வராட்டி என்ன" என்றாள். அவர் கடன் கொடுத்தவரும் இல்லை. இருந்தாலும் அவள் வாசலை இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள்.

ரெங்கசாமி அய்யா வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது அந்த வருடம் விழவில்லை. அடுத்த வருடமும் விழவில்லை. பூட்டிக் கிடந்தது. பிறகு ஒருவர் வாங்கி வைக்கோல் போட்டு வைத்தார். சில வருடம் கழித்து ஒரு கோடையில், மழை இல்லாத நாளில், உத்தரம் இறங்கியது. உள்ளே ஆள் இல்லை. அதுவரை ஊரில், "ஓவர்சியர் பேச்சக் கேட்டு நல்ல வூட்ட வுட்டுட்டான்" என்று என்னைச் சொல்லாதவர்கள் இல்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. அது நின்றிருந்தாலும் அவர் சொன்னது சரிதான். கட்டிலை நகர்த்தினோமே, அந்த அய்யா அதற்குப் பிறகு பல வருடம் திருச்சியில் பேரன் பேத்தியோடு இருந்தார். அவருக்கும் நான் கடமைப்பட்டவன். அவர் அந்த மேட்டைச் சொல்லாவிட்டால் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஓவர்சியருக்குக் கையெழுத்துப் போடுவது சுலபம். நான் அவரோடு வெயிலில் அலைந்தவன். என் பெண்டாட்டி ஆபீசில் வந்து நின்று கேட்டாள். போட்டிருந்தால் நாங்கள் அவரைக் கும்பிட்டிருப்போம். போடாமல் எங்கள் கோபத்தை வாங்கிக்கொண்டார். இதை நினைக்காமல் நான் ஒருநாளும் அந்த மேட்டில் ஏறியதில்லை.

ஐப்பசி வந்தது. இரண்டு நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் காலை ஏரி வழிந்தது. மேட்டிலிருந்து பார்த்தோம். கலிங்கில் வெள்ளையாக நுரை இறங்கியது. பத்து நிமிடத்தில் எங்கள் பழைய தெருவில் தண்ணீர். நான் இறங்கி ஓடினேன். எல்லோரையும் மேலே வரச் சொன்னோம். குழந்தைகள், அண்டா, கோழிக்கூடை, ஒரு தையல் மிஷின், கன்றுக்குட்டி எல்லாம் வந்தன. அந்த ஒரே அறையில் எத்தனை பேர் நின்றோம் என்று எண்ணவில்லை. எண்ணக் கை தூக்க இடமில்லை. மீதிப் பேர் கீற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே கல்மேல் நின்றார்கள். கால் நனையவில்லை. மேட்டில் விழுந்த மழை நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

உச்சிப் பொழுதுக்கு ஓவர்சியர் வந்தார். சைக்கிளை எங்கேயோ போட்டுவிட்டு, பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டி, இடுப்பு வரை சேறாக வந்தார். முதலில் எங்கள் தெருவுக்குப் போயிருக்கிறார். ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் மேட்டைப் பார்த்து வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது. வாசலுக்கு வெளியே மழையில் நின்று, உள்ளே இருக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். செல்வியைக் கண்டதும் பார்ப்பதை நிறுத்தினார்.

அஞ்சலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவள் அவரிடம் பேசி ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

"ஏன் சார் நனையறீங்க? உள்ள வாங்க. உக்கார எடமில்ல, நின்னுக்குங்க" என்றாள்.

அவர் உள்ளே வந்தார். எல்லோரும் ஒரு அடி நெருக்கிக்கொண்டார்கள். யாரோ அவர் கையில் ஒரு கன்றுக்குட்டிக் கயிற்றைக் கொடுத்தார்கள். மழை விடும் வரை அதைப் பிடித்துக்கொண்டு எங்களோடு நின்றார்.